பத்துக்கும் கீழே ஓர் எண்

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு மாலை, பரிசோதனைக்கூடம் அனுப்பிய அறிக்கையைக் கைப்பேசியில் திறந்து பார்த்தபோது நான் நிம்மதி அடைந்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பதினோராம் வகுப்பு படிக்கும் என் மகளின் இரத்தத்தில் வைட்டமின் டி ஒரு மில்லிலிட்டருக்கு 9.4 நானோகிராம் என்று அச்சாகியிருந்தது. அருகிலேயே தடித்த எழுத்தில் குறைபாடு என்ற குறிப்பும் கீழ்நோக்கிய ஓர் அம்புக்குறியும் இருந்தன. நான்கு மாதங்களாக எங்கள் வீட்டுக்குள் பெயரில்லாமல் உலவிக்கொண்டிருந்த ஒன்றுக்குப் பெயர் கிடைத்துவிட்டது என்று எண்ணினேன். அந்த எண்ணத்தில் எவ்வளவு சரி, எவ்வளவு பிழை என்று புரிந்துகொள்ள எனக்கு அதன்பின் பல மாதங்கள் ஆயின. படித்தவற்றையும் பட்டவற்றையும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன்.

அந்த நான்கு மாதங்களில் நடந்தவை ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் அற்பமானவை. தட்டில் பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி வரை படுக்கையிலேயே கிடப்பாள், ஆனால் இரவில் உறங்கிய முகமாக இருக்காது. ஏழாம் வகுப்பிலிருந்து புள்ளி வைத்து வரைந்து சேர்த்த கோல நோட்டு அலமாரியின் அடித்தட்டுக்குப் போய்விட்டது. தம்பி எதையாவது கேட்டால் சீறி விழுவாள், பிறகு அதற்காக அழுவாள். "டல்லா இருக்கா" என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். "போனைக் கீழ வெச்சா எல்லாம் சரியாயிடும்" என்றார் அவளுடைய அப்பா. அவளுடைய அப்பாயி, பிள்ளைக்குக் கண்பட்டிருக்கிறது என்று உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றிப் போட்டார். எங்கள் மூவரிடமும் ஆளுக்கொரு விளக்கம் இருந்தது. அவளிடம் கேட்டறிந்த விளக்கம் மட்டும் இல்லை.

வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் களைப்பு என்று சொல்லித்தான் அழைத்துச் சென்றேன். அவர் இரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார், எண்ணைப் பார்த்ததும் 60,000 யூனிட் தூள் பாக்கெட்டை வாரம் ஒன்று வீதம் எட்டு வாரத்துக்குப் பாலில் கலந்து குடிக்கச் சொன்னார். அவர் செய்ததில் குற்றம் ஏதும் இல்லை. அந்த அளவுக்குக் குறைந்திருந்தால் கொடுத்தே ஆக வேண்டும். புறப்படும்போது அவர் அவளைப் பார்த்து, "ஸ்கூல்ல எல்லாம் நல்லா போகுதாம்மா?" என்று கேட்டார். "நல்லாப் படிக்கிறா டாக்டர், கொஞ்சம் டயர்டா இருக்கா, அவ்வளவுதான்" என்று பதில் சொன்னவள் நான். அந்த ஒரு வாக்கியத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை.

வைட்டமின் டி என்ற பெயர் பழக்கத்தால் நிலைத்துவிட்டது. 1922இல் அமெரிக்க உயிர்வேதியியலாளர் எல்மர் மெக்காலம், கணைச்சூட்டு நோயான ரிக்கெட்ஸை மீன் எண்ணெயிலுள்ள எந்தப் பொருள் குணப்படுத்துகிறது என்று ஆராய்ந்தபோது, ஏ, பி, சி என்று ஏற்கெனவே எழுத்துகள் போய்விட்டதால் இதற்கு டி என்று பெயரிட்டார். ஆனால் இது உடல் தானே செய்துகொள்ளக்கூடிய பொருள், செயலில் ஹார்மோனுக்கு நெருக்கமானது. தோலில் உள்ள ஒருவகைக் கொலஸ்டிரால் மூலக்கூறின்மீது 290 முதல் 315 நானோமீட்டர் வரையிலான அலைநீளம் கொண்ட புற ஊதா பி கதிர் படும்போது அது வைட்டமின் டி3 ஆக உருமாறுகிறது. பிறகு கல்லீரலில் ஒருமுறை மாற்றம் பெற்று, பரிசோதனையில் நாம் அளக்கும் 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி ஆகிறது. சிறுநீரகத்தில் இன்னொருமுறை மாற்றம் பெற்றுத்தான் வேலை செய்யும் வடிவை அடைகிறது. குடலில் கால்சியத்தை உறிஞ்ச வைப்பதும் எலும்பைக் காப்பதும் அதன் ஐயத்துக்கிடமில்லாத பணிகள்.

அறிக்கை வந்த மறுநாளே அவளுடைய அப்பாயி, காலையில் ஏழு மணி வெயிலில் மாடியில் நில் என்று அவளை எழுப்பத் தொடங்கினார். இளவெயில்தான் உடம்புக்கு நல்லது என்பது நம் வீடுகளில் வழிவழியாகச் சொல்லப்படுவது. சிறு பிள்ளைகளை அந்த வெயிலில் காட்டித்தான் வளர்த்திருக்கிறோம். ஆனால் சூரியன் தாழ்வாக இருக்கும்போது கதிர்கள் காற்று மண்டலத்தில் நெடுந்தொலைவு சாய்வாகப் பயணிக்க வேண்டியிருப்பதால் புற ஊதா பி பெரும்பாலும் வழியிலேயே வடிகட்டப்பட்டுவிடுகிறது. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குறுகியிருக்கும் நேரத்தில்தான், அதாவது முற்பகல் முதல் பிற்பகலின் தொடக்கம் வரைதான், தோல் இதைத் தாராளமாகச் செய்யும். கண்ணாடி சன்னல் வழியாக வரும் வெயிலால் பயனில்லை, ஏனெனில் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடுகிறது. நம் தோலின் கருமை நிறமி புற ஊதாக் கதிரிலிருந்து நம்மைக் காக்கிறது. அதே காரணத்தால் வெளிர்ந்த தோலைவிட நமக்கு அதிக நேரம் வெயில் தேவைப்படுகிறது.

திருச்சியில் வெயிலுக்கா பஞ்சம் என்று எல்லோரும் கேட்டார்கள். வெயிலுக்குப் பஞ்சமில்லை, என் மகளுக்கு வெயிலில் நிற்கும் நேரத்துக்குத்தான் பஞ்சம். காலை ஆறே முக்காலுக்குப் பள்ளி வேன். ஏழரைக்குச் சிறப்பு வகுப்பு. நிழல் குறுகும் நேரம் முழுவதும் கூரைக்கடியில். விளையாட்டுப் பாடவேளையைக் கணக்கோ இயற்பியலோ எடுத்துக்கொள்ளும். மாலையில் அதே வளாகத்தில் நுழைவுத்தேர்வுப் பயிற்சி. வீடு திரும்பும்போது தெருவிளக்கு எரியும். முழுக்கைச் சுடிதாருக்கும் துப்பட்டாவுக்கும் வெளியே தெரிவது முகமும் மணிக்கட்டும். உணவில் இதை ஈடுகட்டுவதும் எளிதன்று. மத்தி, கானாங்கெளுத்தி போன்ற கொழுப்பு மிகுந்த மீன்களிலும் முட்டையின் மஞ்சள் கருவிலும் இருக்கிறது, அவற்றை விட்டால் செறிவூட்டிய பாலும் எண்ணெயும்தான். பால் பையிலும் எண்ணெய்ப் பையிலும் கூட்டல் குறியுடன் அச்சிட்டிருக்கும் நீல நிற முத்திரை அந்தச் செறிவூட்டலைத்தான் குறிக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது.

இது எங்கள் வீட்டுச் செய்தி மட்டுமன்று. 2016 முதல் 2018 வரை இந்தியா முழுவதும் எடுக்கப்பட்ட விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வில், 10 முதல் 19 வயதுள்ளவர்களில் 24 சதவீதத்தினருக்கு வைட்டமின் டி குறைபாடு காணப்பட்டது. மில்லிலிட்டருக்கு 12 நானோகிராமுக்குக் கீழ் என்ற கண்டிப்பான அளவுகோலை வைத்தே இந்தத் தொகை. அதே ஆய்வில் அதே வயதினரில் 31 சதவீதத்தினருக்கு வைட்டமின் பி12 குறைவு, 28 சதவீதத்தினருக்கு இரத்தசோகை. பெண் பிள்ளைகளை மட்டும் எடுத்தால் இரத்தசோகை 40 சதவீதம். களைத்துப்போன ஒரு பெண் பிள்ளையின் இரத்தத்தில் ஏதேனும் ஒன்று குறைந்திருப்பது நம் நாட்டில் வியப்புக்குரிய செய்தியே இல்லை என்பதை இந்த எண்கள் எனக்குச் சொல்லின. ஆகவே குறைந்திருக்கிறது என்பதனாலேயே அதுதான் காரணம் என்று முடிவுகட்ட முடியாது என்பதும் பின்னர் விளங்கிற்று.

எட்டு வாரம் கொடுத்துக்கொண்டே நான் படிக்கத் தொடங்கினேன். நான் பள்ளியில் வேதியியல் கற்பிப்பவள், மருத்துவம் படித்தவள் அல்லள். ஆனால் ஓர் ஆய்வில் எத்தனை பேர், ஒப்பிட யார் இருந்தார்கள், எத்தனை நாள் என்று கேட்கும் பழக்கம் தொழிலில் வந்தது.

மனநிலைக்கும் இந்தச் சத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் எண்ணியதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. வைட்டமின் டியை ஏற்கும் புரதங்கள் மனித மூளையின் பல பகுதிகளில், குறிப்பாக மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸில், கண்டறியப்பட்டிருக்கின்றன. அதைச் செயல் வடிவத்துக்கு மாற்றும் நொதியும் அங்கேயே இருக்கிறது. மனநிலையோடு தொடர்புடைய மூளை வேதிப்பொருளான செரோட்டோனின் உற்பத்தியை அது தூண்டக்கூடும் என்ற கருத்தும் உண்டு. மக்களை அளந்து பார்த்த ஆய்வுகளும் அதே திசையைக் காட்டின. 2013இல் பிரித்தானிய மனநல மருத்துவ இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு, 31,424 பேரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்து, மனச்சோர்வு உள்ளவர்களிடம் வைட்டமின் டி குறைவாக இருப்பதாகக் கண்டது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் 1990களின் தொடக்கத்தில் பிறந்த பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்துவரும் நெடுங்கால ஆய்வில், பத்து வயது வாக்கில் வைட்டமின் டி3 அதிகமாக இருந்தவர்களுக்கு ஏறத்தாழ பதினான்கு வயதில் மனச்சோர்வு அறிகுறிகள் சற்றுக் குறைவாக இருந்தன.

இவற்றைப் படித்த அன்று எனக்குப் பெரும் ஊக்கமாக இருந்தது. மறுநாள் மாலை அவளுடைய அறைக்குள் போனேன். திரைச்சீலை மூடியிருந்தது, மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். விடுமுறை நாட்களில் அவள் வாசற்படி தாண்டியே பல வாரங்கள் ஆகியிருந்தன. அப்போதுதான் கேள்வி தலைகீழாக எழுந்தது. வெயில் படாததால் சோர்ந்தாளா, சோர்ந்ததால் வெயிலுக்குப் போகாமல் இருக்கிறாளா? சோர்ந்தவர் வெளியே போவதில்லை, விளையாடுவதில்லை, ஒழுங்காக உண்பதில்லை. அவருடைய இரத்தத்தில் வைட்டமின் டி குறையத்தானே செய்யும்? ஒரு காலகட்டத்தில் இரண்டையும் அளந்து பார்க்கும் ஆய்வால் இந்த முடிச்சை அவிழ்க்க முடியாது. பிரிஸ்டல் ஆய்வைப் போல முன்பே அளந்து வைத்திருந்தால் சற்றுத் தெளிவு கிடைக்கும், ஆனால் அங்கும் ஓடி விளையாடும் பிள்ளை, வசதியான வீட்டுப் பிள்ளை என்ற வேறு வேறுபாடுகள் உள்ளே புகுந்திருக்கலாம். இந்த முடிச்சை அவிழ்க்க ஒரே வழி, பாதிப் பேருக்குச் சத்தையும் பாதிப் பேருக்கு அதைப் போலவே தோன்றும், சத்தே இல்லாத வெறும் மருந்தையும், யாருக்கு எது என்று எவரும் அறியாமல், கொடுத்துப் பார்ப்பதுதான்.

வளரிளம் பருவத்தினரிடம் அப்படிச் செய்த ஆய்வுகள் மிகக் குறைவு. வலைத்தளங்களில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் சுவீடன் நாட்டு ஆய்வு 2012இல் வெளிவந்தது. மனச்சோர்வுக்குச் சிகிச்சைக்கு வந்த 54 வளரிளம் பருவத்தினரில் 48 பேருக்கு மூன்று மாதம் வைட்டமின் டி கொடுத்தார்கள். அவர்களுடைய சோர்வும் எரிச்சலும் களைப்பும் குறைந்தன, உறக்கம் மேம்பட்டது. ஈரானில் 940 மாணவிகளுக்கு வாரம் 50,000 யூனிட் வீதம் ஒன்பது வாரம் கொடுத்தபோதும் மனச்சோர்வு மதிப்பெண்கள் இறங்கின. இரண்டிலும் ஒப்பிட ஒரு குழு இல்லை. சத்து கொடுக்காமல் விட்டிருந்தால் அந்தப் பிள்ளைகள் எப்படி இருந்திருப்பார்கள் என்று இவற்றைக் கொண்டு சொல்ல இயலாது.

ஒப்பீட்டுக் குழு இல்லாதது எவ்வளவு பெரிய குறை என்பதை அளந்து காட்டும் ஆய்வு ஒன்று உண்டு, அது வைட்டமினைப் பற்றியதே அன்று. அமெரிக்காவில் 12 முதல் 17 வயதுள்ள 439 பேருக்கு மிதமானது முதல் கடுமையானது வரையிலான மனச்சோர்வுக்குச் சிகிச்சை அளித்துப் பார்த்த அந்த ஆய்வு 2004இல் வெளியானது. மனச்சோர்வு மருந்தான ஃப்ளுவாக்ஸெட்டின் மாத்திரையும், எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் பேச்சுச் சிகிச்சையான அறிதல்-நடத்தைச் சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்களில் பன்னிரண்டு வாரத்தில் 71 சதவீதத்தினர் நன்கு தேறினார்கள். மருந்தில்லாத போலி மாத்திரையை மட்டும் பெற்றவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் தெரியுமா? ஏறத்தாழ 35 சதவீதம். மூன்றில் ஒரு பிள்ளை, மருந்தே இல்லாத மாத்திரையோடும், அவ்வப்போது ஒருவர் அக்கறையோடு விசாரிப்பதோடும், காலம் நகர்வதோடும் தேறிவிடுகிறது. ஆகவே மூன்று மாதத்தில் பிள்ளைகள் தேறினார்கள் என்று ஓர் ஆய்வு சொன்னால், அந்த மூன்றில் ஒரு பங்கை முதலில் கழித்துவிட்டே மீதியைப் பார்க்க வேண்டும். இதைப் படித்த பிறகு, பாக்கெட் குடித்த மூன்றாம் வாரம் அவள் ஒருநாள் சிரித்ததை நான் கணக்கில் எழுதி வைத்ததை நினைத்து மனம் கனத்தது.

முறையாக நடத்தப்பட்டவற்றுள் நான் திரும்பத் திரும்பப் படித்தது ஜெர்மனியின் எஸ்ஸன் நகர ஆய்வு. 2020இல் வெளியானது. குழந்தைகள், வளரிளம் பருவத்தினருக்கான மனநலப் பிரிவில் சிகிச்சை பெற்றுவந்த, வைட்டமின் டி குறைபாடும் மனச்சோர்வு அறிகுறிகளும் ஒருங்கே கொண்ட 113 பேரை எடுத்துக்கொண்டார்கள். வழக்கமான சிகிச்சை எல்லோருக்கும் தொடர்ந்தது. அதற்கு மேல் பாதிப் பேருக்கு 28 நாட்கள் தினம் 2,640 யூனிட் வைட்டமின் டி, மற்றவர்களுக்கு வெறும் மருந்து. முடிவில் பிள்ளைகள் தாங்களே நிரப்பிய, அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக்கின் 21 கேள்விகள் கொண்ட மனச்சோர்வு வினாத்தாளில் இரு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் பெற்றோர் நிரப்பிய மதிப்பீட்டில் வைட்டமின் பெற்ற பிள்ளைகள் மேம்பட்டிருந்தார்கள்.

இந்த ஒரு முடிவின்மீது நான் நெடுநேரம் நின்றேன். யாருக்கு எது கொடுக்கப்பட்டது என்று அந்தப் பெற்றோருக்கும் தெரியாது. எனவே வெறும் ஆசையால் அப்படி எழுதினார்கள் என்று தள்ளிவிடவும் முடியாது. களைப்பு நீங்கி உடல் சற்றுச் சுறுசுறுப்படைந்ததை வெளியிலிருந்து பார்த்தவர்கள் கண்டிருக்கலாம், உள்ளே இருந்தவர்களுக்கு அந்தச் சுமை அப்படியே இருந்திருக்கலாம். தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம். 28 நாள் என்பது மிகக் குறுகிய காலம் என்பதும் உண்மை. இரத்தத்தில் இந்தச் சத்து பாதியாகக் குறையவே இரண்டு மூன்று வாரங்கள் எடுக்கும் என்றால், அது நிறைந்து நிலைபெறுவதற்கும் நாளாகும். எப்படியிருந்தாலும், அம்மா அப்பா கண்ணுக்குத் தேறியதாகத் தெரிந்த பிள்ளைகள் தங்களைத் தேறியவர்களாக உணரவில்லை என்ற அந்த இடைவெளி, அட்டவணையின் இரண்டு வரிசைகளாக என் முன்னால் இருந்தபோது, நான் ஜெர்மனியைப் பற்றிப் படிக்கிறேன் என்றே தோன்றவில்லை.

நமக்கு மிக அருகிலிருந்து வந்த ஆய்வு மாறான விடையைத் தந்தது. கர்நாடகத்தின் கோலார் மாவட்டம் கிருஷ்ணகிரி எல்லையை ஒட்டியது, வெயிலும் நம்முடையதைப் போன்றதே. அங்குள்ள கிராமப்புறத்தைச் சேர்ந்த 14 முதல் 19 வயதுள்ளவர்களில் ஒரு பிரிவினருக்கு ஒன்பது வாரம் தினம் 2,250 யூனிட் வைட்டமின் டி3 கொடுத்தார்கள், மற்றவர்களுக்குக் குறைந்த அளவு கால்சியம் கொடுத்தார்கள். வைட்டமின் பெற்றவர்களிடம் மனச்சோர்வு மதிப்பெண்கள் கூடுதலாகக் குறைந்தன என்று 2024இல் வெளியிட்டார்கள். அங்கு கலந்துகொண்டவர்கள் ஊரில் படித்துக்கொண்டிருந்த பொதுவான பிள்ளைகள். எஸ்ஸனில் இருந்தவர்கள் மனநலப் பிரிவில் சிகிச்சை பெறுமளவுக்கு நோயுற்றவர்கள். லேசான சோர்வும் உண்மையான குறைபாடும் சேர்ந்திருக்கும் இடத்தில் சத்து ஓரளவு கைகொடுக்கலாம் என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். பெக் வினாத்தாளிலேயே களைப்பு, உறக்கம், பசி, ஆற்றலின்மை ஆகியவற்றுக்கெல்லாம் தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. உடல் தேறினாலே சில மதிப்பெண்கள் இறங்கும். அதுவும் நல்லதுதான், வேண்டாம் என்று யார் சொல்வார்? ஆனால் அது மனச்சோர்வு நோய் குணமானதற்கு ஈடாகாது.

பெரியவர்களைப் பற்றிய விடை இதைவிடத் தெளிவு. அமெரிக்காவில் 50 வயதைக் கடந்த 18,353 பேரிடம் தினம் 2,000 யூனிட்டை வெறும் மருந்தோடு ஒப்பிட்டு, ஐந்தாண்டுகளுக்கு மேல் கவனித்தார்கள். மனச்சோர்வு வருவதையோ மனநிலை மதிப்பெண்ணையோ அது மாற்றவில்லை என்று 2020இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் எழுதினார்கள். அவர்களில் பெரும்பாலோர் குறைபாடு உடையவர்கள் அல்லர், வயதும் வேறு என்பதால் அதை அப்படியே பதினாறு வயதுக்குப் பொருத்த நான் விரும்பவில்லை. வைட்டமின் டி மனத்தைத் தேற்றும் என்று பொதுப்படையாக விளம்பரம் செய்பவர்களுக்கு மட்டும் அது போதுமான மறுமொழி.

எங்கள் வீட்டில் எட்டு பாக்கெட்டும் முடிந்தன. ஞாயிறுதோறும் காலை உணவுக்குப் பிறகு, கொழுப்போடு சேர்ந்தால் நன்றாக உறிஞ்சும் என்பதால் ஆடை நீக்காத பாலில் கலந்து நானே கொடுத்தேன். கால்வலி என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தது உண்மையிலேயே குறைந்தது. மாடிப்படி ஏறும்போது நிற்பதில்லை. நான் எல்லோரிடமும் பாப்பா பரவாயில்லை, சத்துக் குறைவுதான் என்று சொன்னேன். அத்தனை பேரும் அதை எளிதாக ஏற்றுக்கொண்டார்கள், ஏனெனில் அது கேட்பதற்கு இனிய காரணம். யார்மீதும் பழியில்லாத காரணம். பள்ளியையோ தேர்வையோ எங்களையோ எவரும் கேள்வி கேட்க வேண்டியிருக்கவில்லை.

பத்தாவது வாரம், ஒரு வியாழக்கிழமை இரவு, என் தங்கை ஊரிலிருந்து வந்திருந்தாள். சித்தியும் மகளும் மாடியில் பேசிக்கொண்டிருந்தார்கள். கீழே வந்த தங்கை என்னைச் சமையலறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்திவிட்டு, "அக்கா, காலைல எந்திரிக்கவே வேண்டாம்னு இருக்கு சித்தின்னு சொல்றா. ஆறு மாசமா அப்படித்தான் இருக்காம். நீ கேக்கவே இல்லையா?" என்றாள். நான் கேட்டிருந்தேன். சாப்பிட்டாயா, பாக்கெட் குடித்தாயா, கால் வலிக்கிறதா என்று தினம் கேட்டிருந்தேன்.

மறுவாரம் ஒரு மனநல மருத்துவரிடம் சென்றோம். அவர் முதல் இருபது நிமிடம் என்னை வெளியே அமரச் சொன்னார். பிறகு இரத்தசோகை, தைராய்டு, பி12 ஆகியவற்றையும் பார்க்கச் சொன்னார். முன்பு யாரும் பார்க்காத இரும்புச்சத்தும் குறைந்திருந்தது, அதற்கும் மாத்திரை கொடுத்தார். மனச்சோர்வுக்கு வாராந்திர ஆலோசனைச் சிகிச்சையைத் தொடங்கினார். வைட்டமின் டியை நிறுத்தச் சொல்லவே இல்லை. எலும்பு வளரும் வயதில் அந்தக் குறை தன்னளவிலேயே சரிசெய்யப்பட வேண்டிய ஒன்று, மனத்துக்கான சிகிச்சைக்காக அது காத்திருக்கவும் கூடாது, அதற்காக மனம் காத்திருக்கவும் கூடாது என்று அவர் சொன்னதை அப்படியே எழுதிவைத்திருக்கிறேன். இரண்டையும் ஒரே நாளில் தொடங்கியிருக்கலாம். பத்து வாரத்தை நான் ஒரு பாக்கெட்டின் பின்னால் நின்று கழித்துவிட்டேன்.

மனச்சோர்வு என்ற சொல்லையே நான் அந்த அறையில்தான் முதன்முதலில் அவளுக்காகப் பயன்படுத்தினேன். நம் பேச்சில் எல்லாவற்றுக்கும் மன அழுத்தம் என்ற ஒரே சொல்தான். தேர்வுப் பதற்றமும் மன அழுத்தம், வேலைச்சுமையும் மன அழுத்தம், நோயான மனச்சோர்வும் மன அழுத்தம். அழுத்தம் என்றால் அழுத்தும் பொருளை எடுத்தால் போதும் என்று மனம் கணக்குப் போடுகிறது. இரண்டு வாரத்துக்கு மேலாக, நாளின் பெரும்பகுதி, எதிலும் நாட்டமில்லாமல் போவதும், இந்த வயதில் துயரத்துக்குப் பதிலாக எரிச்சலாகவே அது வெளிப்படக்கூடும் என்பதும், தம்பியின்மீது அவள் சீறியதை நான் திமிர் என்று திட்டிய நாட்களில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டியவை.

பாக்கெட்டைப் பற்றியும் ஒரு சொல், ஏனெனில் அக்கம்பக்கத்தில் பார்த்து அஞ்சுகிறேன். 60,000 யூனிட் என்பது வாரத்துக்கு ஒன்று, அதுவும் மருத்துவர் சொன்ன வாரங்களுக்கு மட்டும். நாள்தோறும் என்று தவறாகப் புரிந்துகொண்டோ, நல்லதுதானே என்று மாதக்கணக்கில் நீட்டித்தோ கொடுத்தால் இரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, அடங்காத தாகம், மலச்சிக்கல், சிறுநீரகப் பாதிப்பு வரை போகும். கொழுப்பில் கரையும் சத்து என்பதால் மிகுதியானதை உடல் சிறுநீரில் உடனே வெளியேற்றிவிடாது. வளரிளம் பருவத்தினரின் அன்றாடத் தேவையாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் குறித்திருப்பது 600 யூனிட். மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் தினம் 4,000 யூனிட்டைத் தாண்டக்கூடாது என்பது அமெரிக்க மருத்துவக் கழகம் 2011இல் வகுத்த மேல்வரம்பு. அறிக்கையைப் படிக்கும்போதும் கவனம் தேவை. சில கூடங்கள் மில்லிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்றும் சில லிட்டருக்கு இத்தனை நானோமோல் என்றும் எழுதும், முதல் கணக்கில் ஒன்று என்பது இரண்டாம் கணக்கில் இரண்டரைக்குச் சமம். 30க்குக் கீழே எல்லாம் போதாது என்று அச்சிடும் வழக்கம் இன்னும் இருக்கிறது, ஆனால் அந்த 30ஐ முன்மொழிந்த அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கமே 2024இல் அதைக் கைவிட்டு, நலமாக இருப்பவர்களுக்கு வழக்கமாக இந்தப் பரிசோதனை தேவையில்லை என்றும் கூறிவிட்டது. பிள்ளைகளைப் பொறுத்தவரை 20க்கு மேல் போதுமானது, 12க்குக் கீழ் குறைபாடு என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் கொள்கிறார்கள். 24 என்று வந்ததற்காக ஒரு தோழி தன் மகனின் படிப்புச் சோர்வுக்கு விடை கிடைத்துவிட்டதாக எனக்குச் செய்தி அனுப்பினாள். நான் அன்றிரவே அவளைத் தொலைபேசியில் அழைத்து, அவனிடம் நேராக உட்கார்ந்து பேசும்படி கெஞ்சினேன். தன்னால் தொடங்க முடியாவிட்டால் யாரை அழைப்பது என்று கேட்டாள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416, இரவும் பகலும் இலவசம், தமிழில் பேசலாம் என்று சொன்னேன்.

தை மாதம் மறுபரிசோதனை செய்தோம். வைட்டமின் டி 31 என்று வந்தது, இரும்பும் தேறியிருந்தது. மனநல மருத்துவரின் வினாத்தாள் மதிப்பெண் அவ்வளவு விரைவாக இறங்கவில்லை, இறங்கிக்கொண்டிருக்கிறது. சனிக்கிழமைப் பயிற்சி வகுப்பை நிறுத்திவிட்டோம். அது அவளுடைய அப்பா எடுத்த முடிவு. அந்த நேரத்தில் பதினொரு மணி வாக்கில் மாடிக்குப் போய்த் துணி உலர்த்திவிட்டு, கைகளை மடித்துவிட்டுக்கொண்டு தொட்டிச் செடிகளின் அருகே சற்று நிற்கிறாள். போன வாரம் அறிக்கையை அவளிடம் காட்டி, எண் நன்றாக ஏறியிருக்கிறது என்றேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "நீ எப்படி இருக்க பாப்பா?" என்று கேட்டேன். உடனே பதில் வரவில்லை. நானும் அவளுக்காகப் பதில் சொல்லவில்லை. "நேத்து நல்லா இல்லம்மா. இன்னைக்குக் கொஞ்சம் பரவாயில்ல" என்றாள். பிறகு நேற்று என்ன நடந்தது என்று சொல்லத் தொடங்கினாள்.